நேராகத் தைத்த பைகள்

என் வீட்டுக்காரர் தோலில் தையல் போட்டால் நேராக இருக்கும். நான் போட்டால் கோணலாக இருக்கும். இருபத்தேழு வருடம் ஒரே பலகைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவருடைய நேர் எனக்கு ஒட்டவில்லை, என்னுடைய கோணல் அவருக்கும் ஒட்டவில்லை.

"ஊசி சரியில்லங்குற, நூலு சரியில்லங்குற, வெளிச்சம் பத்தலங்குற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரிப்பார். நானும் விடமாட்டேன். "இந்தக் கோணக் கையாலதான் மூணு வேளையும் ஆக்கிப் போடுறேன். அது மட்டும் நேரா எறங்குதாக்கும்?" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். எங்கள் தெருவில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

திண்டுக்கல்லில் தோல் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பகலில் அவர் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பைப் பட்டறையில் மிஷின் ஓட்டினார். சாயங்காலம் வந்து காப்பித்தண்ணி குடித்துவிட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்தால் கைவேலை. சாணார்பட்டிப் பக்கமிருந்து காளை வளர்ப்பவர்கள் மணி கோத்த கழுத்துப்பட்டை கேட்டு வருவார்கள். கோயில் பேண்டு செட்டுக்காரர்கள் டிரம் வார் அறுந்துபோனதென்று வருவார்கள். எல்லாமே கையால்தான். ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. குத்தூசியால் ஓட்டை போட்டு, அந்த ஒரே ஓட்டைக்குள் ஓர் ஊசியை இந்தப் பக்கமிருந்தும் இன்னொன்றை அந்தப் பக்கமிருந்தும் விட்டு, இரண்டு கையையும் விரித்து இழுப்பார். நூல் இறுகும்போது கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். அளவுகோல் கிடையாது, கோடு போட்டுக்கொள்வது கிடையாது. எல்லாம் கண்மட்டம்தான்.

நூலுக்கு மெழுகு தேய்ப்பது, சாயம் காய்ச்சுவது, எண்ணெய் பூசுவது, கட்டி அனுப்புவது என் வேலை. தைக்க என்னை விடமாட்டார். அவசரத்துக்கு எப்போதாவது விட்டாலும், பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

எங்களுக்கு ஒரே மகள். நர்சிங் படித்து, டென்மார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்னத் தோல் பை ஒன்றை அவளுக்கு அவர் தைத்துக் கொடுத்திருந்தார். கூட வேலை பார்க்கும் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் வேண்டும், என் புருஷனுக்கும் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாளாம். அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் கோடை வந்தால் வைக்கிங்குகளாக மாறிவிடுகிறவர்கள்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தி இங்கன இருந்த ஆளுகப்பா" என்று மகள் போனில் விளக்கினாள். "கப்பல்ல ஊரு ஊராப் போயி யாவாரமும் பண்ணுவாங்க, கொள்ளையும் அடிப்பாங்க. அவங்க மாதிரியே உடுத்திக்கிட்டு, கூடாரம் போட்டு, நாலு நாளைக்குச் சந்தை நடத்துறாங்க."

"நம்ம ஊருக் கூத்து மாதிரியா?" என்று கேட்டார்.

"கூத்துன்னா பாக்குறதுக்குன்னு ஆளு ஒக்காந்திருக்கும்ல? இங்க விக்கிறவன், வாங்குறவன், சும்மா நிக்கிறவன், எல்லாருமே வேசந்தான்."

அவருக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது. "கொள்ளக்காரனுக்குச் சுருக்குப்பை தைக்கிறேன்யா" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். முதல் இரண்டு கோடையிலும் ஏதோ சின்னச் சந்தை. மகள் லீவு போட்டுவிட்டு அந்தப் பெண்ணோடு சேர்ந்து கடை விரித்தாள், அனுப்பியதெல்லாம் விற்றது. மூன்றாவது வருடம் கடலோரத்தில் நடக்கும் பெரிய சந்தையில் இடம் கிடைத்தது. அவர் இருபத்துநாலு பைகள் தைத்தார். அதுவரை அவர் தைத்ததிலேயே அவைதான் நேர்த்தி. நான்தான் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் பூசிக் காகிதத்தில் சுற்றினேன், அதனால் தெரியும்.

பெரிய சந்தைக்குப் பெரிய சட்டம். காலையில் வியாபாரம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெரியவர் கடை கடையாக வந்து பார்ப்பாராம். அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் கண்ணில் படக் கூடாது. பிளாஸ்டிக் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, மிஷினில் தைத்தது கூடவே கூடாது. அவர் வேண்டாம் என்று சொன்ன பொருளைத் துணி போட்டு மூடி உள்ளே எடுத்துவைத்துவிட வேண்டும். அவர் எங்கள் பைகளில் ஒன்றை எடுத்து, விளிம்பை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். மனிதக் கை இவ்வளவு நேராகத் தைக்காது, இது மிஷின் என்று சொன்னாராம்.

மகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள். இவர் முதலில் சிரித்தார். "ஏலே, அம்புட்டு நேராவா இருக்கு?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்புறம் சொன்னார்:

"அழாத தாயி. ஒத்தத் தையலை அறுத்துப் பாக்கச் சொல்லு. மிஷின் தையலுன்னா ஒண்ணை அறுத்து இழுத்தா வரிசையே உருவிக்கிட்டு வரும். என் தையலு அசையாது. பை ஒண்ணு போனாப் போகுது, அறுக்கச் சொல்லு."

"அப்பா, இங்க அப்பிடியெல்லாம் வாதாட முடியாதுப்பா. அடுத்த வருசம் எடமே தரமாட்டாங்க. நீங்க கொஞ்சம் கோணலாத் தச்சு அனுப்புங்க. அவங்களுக்கு அதுதான் கைவேலை."

"பாக்குறேன்" என்றார் அவர்.

கோணலாகத் தைத்தும் பார்த்தார், இல்லையென்று சொல்லக் கூடாது. மூன்று நாள் சாயங்காலம் போராடி ஒரு பையை முடித்து என் முன்னால் வைத்தார். எடுத்துப் பார்த்தேன். ஒரு தையல் மேலே, ஒரு தையல் கீழே, ஒன்று மேலே, ஒன்று கீழே. கடைசி வரைக்கும் அளந்து வைத்த மாதிரி ஒரே அளவுக் கோணல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "மிஷினுன்னுட்டான்ல" என்றார்.

அந்தச் சொல் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பட்டறையில் பகலெல்லாம் மிஷின் ஓட்டுகிறவர்தான். மிஷினை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பலகை முன்னால் உட்கார்ந்து செய்வது மட்டும் அவருடையது. அதையும் மிஷின் என்று ஒருத்தன் சொல்லிவிட்டான். பழைய கழுத்துப்பட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சாப்பிடும்போது திடீரென்று, "ஒரு தையலை அறுத்துப் பாத்திருக்கலாம்" என்பார். யாரிடம் சொல்கிறார் என்றும் தெரியாது. நான் முதலில் ஆறுதல் சொன்னேன், அப்புறம் எரிந்து விழுந்தேன். "கடலுக்கு அந்தாண்ட இருக்கிற எவனோ தாடிக்காரன் சொல்லிட்டானாம், இங்க ஒருத்தருக்குச் சோறு எறங்கலையாம்!" என்று கத்தினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அடுத்த கோடைக்கு முப்பது பைகள் தைத்தார். எல்லாமே நேர். "இந்த வருசம் பாப்பான்" என்றார். என்ன பார்ப்பான்? அதே ஆள், அதே கண். மறுபடியும் மூடிவைக்கச் சொன்னால் இந்த மனிதர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அப்போதுதான் அந்த வேலையைச் செய்தேன்.

அவர் பட்டறைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பையாக எடுத்துத் தையலைப் பிரித்தேன். பிரித்துவிட்டு அதே ஓட்டையில் தைத்தால் மறுபடியும் நேராகத்தான் வரும், ஓட்டை அவர் போட்டதல்லவா? அதனால் கத்தியை வைத்து, அவர் போட்ட ஓட்டை வரிசையோடு சேர்த்து விளிம்பை மெல்லிய கீற்றாக அறுத்து எடுத்தேன். பை ஒரு நகத்தளவு சிறுத்துப்போகும், அவ்வளவுதான். அப்புறம் நான் புதிதாக ஓட்டை போட்டு என் கையால் தைத்தேன். எனக்குக் கோணலுக்குப் பாடுபட வேண்டியதில்லை. கையை வைத்தால் போதும், கோணல் தானாக வரும். பத்து நாளில் முப்பதும் முடிந்தது. விரலெல்லாம் ஊசிக்குத்து, நூல் அறுத்த காயம். "என்ன கையி இப்பிடி இருக்கு?" என்று கேட்டார். "அருவாமணையில பட்டுருச்சு" என்றேன். கீற்றுகளை ஒரு சாக்கில் கட்டி, குப்பை வண்டி வந்தால் போடலாம் என்று வாசல் பக்கம் வைத்தேன். மறுநாள் வண்டிக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். பார்சலும் போயிற்று.

சந்தை முதல் நாளே மகள் போன் செய்தாள். எல்லாம் பாஸ். அது மட்டுமில்லை, வேண்டாம் என்று சொன்ன அதே பெரியவர் தனக்கு ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டு, கேட்காதது மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் போனை வைத்துவிட்டு வந்தார். "பாத்தியாடி? எங் கையி மாறல. அவன் கண்ணு தெளிஞ்சிருச்சு" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு போய் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்தார். நல்லெண்ணெய் விட்டு, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தேன். இலை போட்டு எனக்கு அவரே பரிமாறினார். "நீங்களும் ஒக்காருங்க" என்றேன். "நீ சாப்டு. எனக்கு மனசு நெறஞ்சிருச்சு, வயித்துல எடமில்ல" என்றார். நான் சாப்பிட்டேன். ஒரு பொய் சொல்லி ஒரு மனிதரை வாழவைத்துவிட்டோம் என்று எனக்கு அவ்வளவு கர்வம்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் அவர் போய்விட்டார். சாயங்காலம் பலகை முன்னால் உட்கார்ந்து புதிதாக ஒரு பை தைத்துக்கொண்டிருந்தார். நான் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். "என்னமோ பண்ணுதுடி" என்றார். சோடா வாங்கி வரட்டுமா என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன். ஆட்டோ வருவதற்குள், பெரியாஸ்பத்திரிக்குப் போவதற்குள், எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பலகை மேல் அந்தப் பை கிடந்தது. பாதிவரை தைத்திருந்தது. நூலின் இரண்டு பக்கமும் ஊசிகள் தொங்கின. சொந்தக்காரர்கள் யாரோ அதை ஓரமாக எடுத்து வைக்கப் போனார்கள். "தொடாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் வீடே அமைதியாகிவிட்டது.

அந்தக் கோடையில் மகள் என்னை அங்கே கூப்பிட்டுக்கொண்டாள். "தனியா இருந்து என்ன பண்ணப்போற? சந்தைக்கு வா. அப்பா பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்த எடம்" என்றாள். பாதி தைத்த பையை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஊசிகளையும் கழற்றவில்லை. விமானத்தில் கையில் எடுத்துப் போகக் கூடாது என்றதால் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டு, போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் வீட்டில் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது உள்ளே ஏதோ தட்டியது. இழுத்துப் பார்த்தால் ஓர் அட்டைப்பெட்டி. திறந்தேன். இருபத்துநாலு பைகள், நான் சுற்றிய காகிதத்தோடு. அவள் எங்கும் விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

"எல்லாத்தையும் கடையில வைக்கிறோம்" என்றேன்.

"வேணாம்மா. எடுக்கச் சொல்லிருவாங்க. எனக்கு அந்தச் சங்கடத்தை இன்னொரு தடவை பாக்க முடியாது."

"நீ பாக்க வேணாம். நான் பாத்துக்கிறேன்."

கடலோரத்தில் பெரிய புல்வெளி. வெள்ளைக் கூடாரங்கள் வரிசை வரிசையாக. ஒரு பக்கம் கொல்லர் உலை, ஒரு பக்கம் மீனைப் புகையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரி பானையில் கம்பளி நூலுக்குச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் கொதிக்கணும்" என்று கையால் காட்டினேன். அவளும் தலையாட்டினாள். அந்த ஊர் அங்கியை நான் உடுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், என் சின்னாளபட்டிச் சேலை செல்லுமா என்று மகள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். தறியில் நெய்ததா, தையல் இல்லாததா, அப்படியானால் சரி என்றார்களாம். மூக்குக்கண்ணாடி மட்டும் கூடாது. கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் இந்த இடத்தில் எப்படியெல்லாம் பேசியிருப்பார் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. வரவேண்டியவர் வராமல் நான் வந்து நிற்கிறேன்.

முதல் நாள் காலையிலேயே அந்தப் பெரியவர் வந்தார். தாடியைச் சடை பின்னியிருந்தார், கையில் ஒரு கோல். செருப்புத் தைக்கிறவர் என்று மகள் சொல்லியிருந்தாள். கண்ணாடி இல்லாமலே அவர் இடுப்பில் தொங்கிய பையை எனக்கு அடையாளம் தெரிந்தது. என் பை. மூன்றாவது தையலில் இறங்கி, ஐந்தாவதில் ஏறி, மூலையில் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திரும்புகிற என் கோணல்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மகள் தமிழில் சொன்னாள்.

"அப்பா எறந்ததுக்கு ரொம்ப வருத்தப்படுறாராம். இந்தப் பையைப் பாத்ததுமே, இது பெரிய கைக்காரரு வேலைன்னு தெரிஞ்சுபோச்சாம். இந்தச் சந்தையில இப்பிடி ஒரு கையி வேற யாருக்கும் இல்லைங்கிறாரு."

சொல்லிவிட்டு அவர் இடுப்புப் பையைத் தட்டிக் காட்டினார். எனக்குக் கூசிப்போயிற்று. செத்துப்போன மனிதருக்குக் கிடைக்கிற புகழ்கூட அவருடையதாக இல்லையே, என் திருட்டு வேலைக்கல்லவா கிடைக்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் அவர் கடைப் பலகைப் பக்கம் திரும்பினார். இருபத்துநாலு பைகளையும் பார்த்தார். ஒன்றை எடுத்து விளிம்பை ஒரு கண்ணால் பார்த்தார். முகம் மாறியது. மகளிடம் ஒரு சொல் சொன்னார். அது எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மிஷின் என்கிற சொல் அவர்கள் பாஷையிலும் கிட்டத்தட்ட அதேதான். சொல்லிவிட்டு, எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்தில் கிடந்த துணியை அவரே எடுத்து, செத்தவர் முகத்தை மூடுகிற மாதிரி மெதுவாக அந்தப் பைகள் மேல் போட்டார்.

"எடுய்யா கையை!" என்று கத்திவிட்டேன். கொல்லர் அடித்துக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது. துணியை இழுத்து வீசினேன். ரொட்டி அறுக்க வைத்திருந்த கத்தி பலகையில் இருந்தது. எடுத்தேன்.

"அம்மா! என்னம்மா பண்ற?"

"நீ சும்மா இருடி. அன்னைக்கே நீ செஞ்சிருக்க வேண்டியது இது."

ஒரு பையை எடுத்து, வரிசையின் நட்டநடுவில் ஒரு தையலுக்கு அடியில் கத்தி முனையைக் கொடுத்தேன். அவர் போட்டது. அவர் இனிமேல் போடமுடியாதது. அறுத்தேன். டக்கென்று சின்னச் சத்தம். பையை அந்தப் பெரியவர் கையில் திணித்து, "இழு. இழுத்துப் பாருய்யா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நகத்தால் அந்த அறுந்த நூலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தன் பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, நூலுக்கடியில் கொடுத்து நெம்பினார். அடுத்த தையல் அசையவே இல்லை. அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். இன்னொரு பையை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். வரிசையின் மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனார்.

"அளவுகோலு ஏதும் வச்சிருந்தாரான்னு கேக்குறாரு" என்றாள் மகள். அவள் குரல் மாறியிருந்தது.

"கண்ணு. வெறுங் கண்ணுன்னு சொல்லு."

துண்டைப் பிரித்துப் பாதி தைத்த பையை எடுத்து, தொங்கிக்கொண்டிருந்த இரண்டு ஊசியையும் காட்டினேன். எப்படித் தைப்பார் என்று பெரியவர் கையால் கேட்டார். அவரிடமே ஒரு குத்தூசி வாங்கி, என் வீட்டுக்காரர் விட்ட இடத்திலிருந்து ஓட்டை போட்டு, இரண்டு ஊசியையும் விட்டு இழுத்துக் காட்டினேன். மூன்று தையல். அவர் தைத்ததைத் தொடர்ந்து நேராகப் போக வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போட்டேன். ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது, மூன்றாவது எங்கேயோ போயிற்று. கண்ணாடி இல்லாததால் என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் அதே லட்சணம்தான்.

பெரியவர் என் மூன்று தையலைப் பார்த்தார். குனிந்து தன் இடுப்பில் இருந்த பையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கேக்குறாரு? சொல்லு."

"அந்தப் பையை யாரு தச்சதுன்னு கேக்குறாரு."

"நாந்தான்னு சொல்லு."

சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. எழுந்து, நான் தையல் அறுத்த அந்தப் பையைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி, இடுப்பின் மறுபக்கத்தில் கட்டிக்கொண்டார். பிறகு கொல்லரைக் கூப்பிட்டார், சாயக்காரியைக் கூப்பிட்டார், வரிசைக்கே கேட்கிற குரலில் ஏதோ சொன்னார். தான் தப்பாகச் சொல்லிவிட்டதாகவும், பெரிய கை இதுதான் என்றும் அவர் சொன்னதாக மகள் சொன்னாள். ஆளாளுக்கு வந்து அந்த அறுந்த நூலை இழுத்துப் பார்த்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் பலகையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மகள் தனக்கென்று ஒன்றை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

கடைசி நாள் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு மனசு ஒரு பக்கம் ஆறியிருந்தது, ஒரு பக்கம் எரிந்தது.

"உங்கப்பா இருந்து இதைக் கேட்டிருக்கணும்டி" என்றேன். "போகட்டும். ஒரு வகையில நல்லதுதான். போன வருசமே பாஸாயிருச்சுன்னு நெனச்சு சந்தோசமாப் போயிட்டாரு மனுசன். எங் கள்ளத்தனம் தெரியாமலே போயிட்டாரு."

துணியின் அந்த முனையைப் பிடித்திருந்த மகள் மடிப்பதை நிறுத்தினாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நீ வாசல்ல சாக்கு கட்டி வச்சிருந்தியாம்ல? பட்டறைக்குப் போறப்ப, என்னடா தோலை வீணாக்கியிருக்கான்னு அவுத்துப் பாத்திருக்காரு. அவரு போட்ட ஓட்டை அவருக்குத் தெரியாதா?"

நான் துணியை விட்டுவிட்டேன். காற்றில் அது மடங்கிப் புல்லில் விழுந்தது.

"பாஸாயிருச்சுன்னு நான் சொன்னேன்ல, அதுக்கு மறுநாள் பட்டறையில இருந்து பேசுனாரு. 'முப்பது பையி தச்சிருக்கா தாயி, வெரலெல்லாம் புண்ணு. அருவாமணைங்கிறா. எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிராத. என்னைய ஏமாத்திட்டோம்னு அம்புட்டு சந்தோசமா இருக்கா. இருந்துட்டுப் போகட்டும்'னாரு. சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"அந்த ஆளு மிஷினுன்னு சொன்னதைப் பத்தி? அதை என்ன சொன்னாரு?"

"அதைப் பத்தி அப்புறம் அவரு பேசவே இல்லம்மா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வைக்கிங் வேஷம் போட்டவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திண்டுக்கல்லுக்குத் திரும்பிய மறுநாள், அவர் போனதிலிருந்து நான் திறக்காமல் வைத்திருந்த அவருடைய கருவிகள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். குத்தூசிகள், மெழுகுக் கட்டி, கத்தி. அடியில் ஒரு கட்டு. நான் குப்பை வண்டியில் போனதாக நினைத்திருந்த தோல் கீற்றுகள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மெழுகு நூலால் கட்டி வைத்திருந்தார். எல்லாக் கீற்றிலும் ஓட்டைகள் வரிசையாக, நேராக இருந்தன. இதை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாரோ, நான் அடுப்படியில் என் சாமர்த்தியத்தை நினைத்துக் கர்வப்பட்டுக்கொண்டிருந்தபோது.

கல்லறைக்குப் போனேன். ஜெயித்துட்டீங்க என்று சொல்லத்தான் போனேன். ஆனால் வாய் நீளமான எனக்கு அங்கே ஒரு சொல்லும் வரவில்லை. அந்தக் கறி வாங்கி வந்த நாள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. பாஸானது தன் கை இல்லை என்று தெரிந்தே போய் வாங்கி வந்திருக்கிறார். வயிற்றில் இடமில்லை என்று அவர் சொன்னதை நம்பி, அரைக் கிலோவையும் நான் ஒருத்தியே உட்கார்ந்து, எலும்பைக்கூட விடாமல் சப்பித் தின்றேன். அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, கரண்டியைப் பிடித்தபடி, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கடி, நல்லாச் சாப்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.